தளும்பாத காபி

திருத்தணியில் காபி டம்ளரோடு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததுமே சுலோச்சனா சொல்லிவிட்டாள்: “அரக்கோணம் போறதுக்குள்ள ஒரு சொட்டுக் காபி சிந்தினாலும் இந்தத் தகரம் காயலான் கடைக்குத்தான்!”

கணவர் தணிகாசலம் மீசையை நீவினார். ஐம்பது வயது பிக்கப்புக்குப் புது ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர் என்று மாட்டியவர் ஆயிற்றே!

பள்ளங்கள் வந்தன, போயின. டம்ளரில் காபி தளும்பவில்லை.

“பாத்தியா சுலோ? ஏரோப்ளேன் மாதிரி மெதந்துகினு போவுது! எல்லாம் நான் நின்னு மாட்டவெச்ச ஆக்ஸில்!”

“ஆங், ஆங்.”

அரக்கோணத்தில் மெக்கானிக் கலீம் முன்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, ஷெட்டு வந்துடுச்சி. என் லாரி மேலேருந்து பிக்கப்ப எறக்கி, ஸ்டார்ட் ஆவாத இன்ஜினயும் பாத்துடலாம்!”

“சிந்தலல்ல? ஜெயிச்சிட்டேன்!” என்றார் தணிகாசலம், கொஞ்சமும் கூசாமல்.

சுலோச்சனா காபியை ரசித்துக் குடித்தாள்.

“ஜெயிச்சீங்க. திரும்பறப்பவும் இப்டியே லாரி மேலயே கூட்டினு போங்க!”