வரிசையில் அடுத்த ஆள்

"மாமா பேரை எடுத்துருடி பட்டன்" என்றார் தையல்கார அக்கா.

கடைக்குள் வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை. கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. அதைக் கழற்ற மறந்தே தெருவைத் தாண்டி வந்திருக்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறந்து ஒன்பது நாள்.

எந்தப் பெயர், எங்கிருந்து எடுக்க? ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஆஸ்பத்திரி லிஸ்ட். மாமாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டியிருந்தது. இலவச ஆபரேஷனுக்கு இடம் கேட்டு எட்டு மாதத்துக்கு முன்னால் நான்தான் விண்ணப்பம் போட்டேன், இதே கம்ப்யூட்டரில்.

"அவர்தான் போயிட்டாரே, இன்னும் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? வாங்க வராதவன் சட்டை ஹேங்கர்லயே தொங்கிட்டிருந்தா, அடுத்தவன் சட்டையை நான் எங்கடி மாட்டுறது? அவருக்குப் பின்னாடி எவனாவது மூச்சு வாங்கிட்டு உக்காந்திருப்பான்ல?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீபோர்டைப் பார்த்தேன்.

எதை அமுக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமாம். அதனால் தெரு முழுக்க எனக்குப் பட்டன் என்று பெயர். நான் வேலை பார்ப்பது நகல் எடுக்கிற கடையில். ஆனால் பாதி நாள் விண்ணப்பம் போடுவதிலேயே போய்விடும். பிடித்துத்தான் செய்கிறேன், சும்மா சொல்லக்கூடாது. இருபத்திரண்டு வயசில், அம்மா வயசுக்காரர்கள் எல்லாம் வந்து "நீ சொன்னா சரிடி" என்றால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்?

விண்ணப்பத்தில் மொபைல் நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கும். யார் வந்தாலும் அதில் என் நம்பரைத்தான் போடுவேன்.

அவர்கள் நம்பரைப் போட்டால் வேலை நடக்காது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். கொண்டுவந்தாலும் ஓடிபியைத் திறக்கத் தெரியாது. திறந்து ஆறு எண்ணையும் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். என் நம்பர் என்றால் இரண்டே நிமிடம். இதற்கென்றே ஒரு பழைய போனை சைலண்டில் வைத்து டிராயரில் போட்டிருக்கிறேன்.

வாரம் தவறாமல் அக்கா வாசலில் வந்து நின்று, "ஏதாச்சும் வந்துச்சாடி?" என்பார்.

"வந்தா நானே ஓடி வந்து சொல்ல மாட்டேனாக்கா?" என்பேன். தலையை நிமிர்த்தாமல்.

மாமாவின் விண்ணப்ப எண்ணை அடித்தேன். டிராயரைத் திறந்து ஓடிபியைப் பார்த்துப் போட்டேன். பக்கம் திறந்தது.

மாமாவின் போட்டோ. அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரிகள்.

இடம் ஒதுக்கப்பட்டது. குறித்த நேரத்தில் பதில் வரவில்லை. இடம் வரிசையில் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது.

தேதியைப் பார்த்தேன். மாமா இறப்பதற்கு இருபத்தாறு நாள் முன்பு.

போனைக் கையில் எடுத்து, வந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். யார் யாருடைய ஓடிபியோ வந்துகொண்டே இருந்தது. நூறு இருக்கும். எப்போதும் மேலே வந்திருக்கிற ஆறு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டிராயரை மூடிவிடுவேன்.

அந்தக் குவியலுக்கு நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று செய்திகள். இரண்டு நாளைக்குள் உறுதி செய்யவும் என்றது முதல் செய்தி. அடுத்தது நினைவூட்டல். அதற்கடுத்தது கடைசி நினைவூட்டல்.

மூன்றையும் யாரும் திறக்கவில்லை.

"என்னடி, நெட்டு இல்லையா?"

அக்கா ஸ்கிரீன் பக்கம் குனிந்தார். மறைக்கலாம் என்று கை போனது. பாதியிலேயே நின்றுவிட்டது. மறைக்க வேண்டிய தேவையே இல்லை, அக்காவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அந்த மூன்று வரிக்கு நேராகத்தான் அவர் முகம் இருந்தது.

போட்டோவின் காலர் மேல் விரலை வைத்தார்.

"நான் தெச்ச சட்டை. போட்டோ எடுக்கணும்னு அன்னைக்குக் காலையில அவசரமா முடிச்சேன்."

சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"இதோ எடுத்துடறேன்க்கா" என்றுதான் வந்தது.

எடுப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மௌஸை நகர்த்தி, பக்கத்தின் ஓரத்தில் எதுவும் எழுதாத வெள்ளை இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு முறை க்ளிக் செய்தேன். அவர் காதில் விழுகிற மாதிரி, கொஞ்சம் அழுத்தி.

அக்கா நீளமாக மூச்சு விட்டார்.

"இனிமே அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிட்டாச்சுக்கா."

"அதுக்குள்ளயா!" ஒன்பது நாளில் முதல்முறையாக அவர் முகம் லேசாகத் தெளிந்தது. என் தலையில் கை வைத்தார். "உன் வேகம் யாருக்குடி வரும்!"