பொட்டு வைத்த ஃபிளாப்பி

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் ஊதுபத்தி மணம் இன்னும் போகவில்லை. மானிட்டரின் நெற்றியில் விபூதிப் பட்டை, கீபோர்டின் மேல் வாடிய சாமந்தி. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் முனிவேல் ஜன்னல் வெயிலில் ஒரு ஃபிளாப்பியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறான். நான்கு மாதமாக அவன் உட்கார்ந்து சேர்த்த உதிரிபாகப் பட்டியல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கறுப்பு உறையின் நீள்வட்டத் திறப்பில், உள்ளே பளபளக்கும் தகட்டின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருக்கின்றன. "கெம்பம்மா, இதுல போயி எதுக்குப் பொட்டு வெச்சீங்க?" அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் கெம்பம்மா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வருகிறாள். "நீங்கதான சார் சொன்னீங்க, இதோட உசிரே இந்த ஓட்டையிலதான் இருக்குது, கை படக்கூடாதுன்னு? அதான் கை படாம குச்சியில தொட்டு வெச்சேன்." அவனுக்குக் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நகலெடுத்துப் பீரோவில் வைத்த இன்னொரு ஃபிளாப்பி நினைவுக்கு வர, போன மூச்சு திரும்புகிறது. "பீரோவுல ஒண்ணு இருக்குமே..." கெம்பம்மாவின் முகம் மலர்கிறது. "அத மறப்பனா சார்? அதுக்குத்தான் மொதல்ல வெச்சேன்."