செபதேயு என்ன சொன்னார்?

"நீ பண்றது ரொம்பத் தப்பு செசிலி. ஆண்டவர் கேக்கறதைத் தரமாட்டேன்னு கையை மூடிக்கறதுக்கு நீ யாரு?"

வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே பங்கிராஸ் சார் ஆரம்பிச்சுட்டார்.

சாந்தோம் சந்து வீட்டுல நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டிருந்த செசிலி பதறி எழுந்தாள். "வாங்க சார். நானே உங்களப் பாக்கத்தான்..."

"உக்காரு. நீ ஒண்ணும் சொல்லவேணாம். எனக்கு எல்லாம் தெரியும்."

அந்த நாலு தெருக் குடும்பங்க வாராவாரம் கூடி ஜெபம் பண்ற அன்பியத்துக்கு பங்கிராஸ் சார்தான் தலைவர். அவருக்கு ரெண்டு குரல். பேங்க்குல பேசவும், வீட்டுல பையன் ரெஜிஸை அதட்டவும் ஒண்ணு. ஜெபத்துக்குன்னு தனியா ஒண்ணு. அந்த ரெண்டாவது குரல்ல, "ஆண்டவரேஏஏ... எங்க அன்பியத்துலேர்ந்து ஒரே ஒரு பிள்ளையையாவது குருமடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆண்டவரேஏஏ"ன்னு அவர் இழுக்கும்போது தெருநாய்கூடக் குரைக்கறதை நிறுத்திட்டுக் கேக்கும். வருஷக்கணக்கா இதே ஜெபம்.

போன ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதரே சொல்லிட்டார். "பங்கிராஸ் சார் அன்பியத்துலேர்ந்து ஒரு பையன் சாமியாராகணும்னு வந்திருக்கான். வீட்டுல இன்னும் சம்மதம் கெடைக்கல. அந்தக் குடும்பத்துக்காக ஜெபிங்க."

பேர் சொல்லல. சொல்லணுமா என்ன? பூசை முடிஞ்சதும் ஃபாதர் ரூமுலேர்ந்து செசிலி கண்ணைத் துடைச்சிக்கிட்டு வந்தாள். "வியாழக்கிழமைக்குள்ள நல்ல பதிலா சொல்லுங்கம்மா"ன்னு பின்னாலேயே ஃபாதர் குரல். செசிலி புருஷன் இல்லாதவ. ஒரே பையன் சேவியோ. பங்கிராஸ் சார் கணக்கு போட்டுட்டார்.

"சேவியோ எங்க?"

"ஈக்காட்டுத்தாங்கலுக்கு வேலைக்குப் போயிருக்கான் சார். லேத்துப் பட்டறை."

"பாத்தியா! ஆண்டவர் பீடத்துக்குக் கூப்பிடறார், நீ பட்டறைக்கு அனுப்பறே!"

"இல்ல சார், நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"பேசாதே. உன் மனசுல இருக்கறதை மட்டும் கேளு. நான் பதில் சொல்றேன்."

செசிலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் மெதுவா உட்கார்ந்து, ஒரு நெத்திலி தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"சரி சார், கேக்கறேன். ஒரே புள்ள கீற வூடு. அதையும் குடுத்துட்டா, வயசான காலத்துல யாரு சார் பாத்துப்பாங்க?"

"ஆண்டவர் பாத்துப்பார்."

"மாத்திரை வாங்கிக் குடுப்பாரா?"

"குடுப்பார்! மேல கேளு."

"கல்யாணம் பண்ணி வெச்சு, பேரன் பேத்திய மடியில போட்டுக்கினு... அந்த ஆசை இருக்காதா சார் பெத்தவங்களுக்கு?"

"ஆசை! மனுஷ ஆசை! அதைத்தாம்மா விடச் சொல்றார்."

"ஃபாரின்ல படிக்க சீட்டு கெடச்சு, டிக்கெட்டும் போட்டாச்சுன்னா?"

பங்கிராஸ் சாருக்குச் சிரிப்பு வந்துட்டுது. மீன் வாசனைக்கு மூக்குல வெச்சிருந்த கர்ச்சீப்பை எடுத்துட்டே சிரிச்சார். "உன் வீட்டுல யாரும்மா ஏரோப்ளேன் ஏறப்போறா? சரி, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். டிக்கெட்டைக் கிழிச்சுக் கடல்ல போடு. தோ, தெருக்கோடியில கடல்."

"கிழிச்சுடலாமா சார்?"

"தாராளமா!"

செசிலி உள்ரூம் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு கேக்கறேன், கோச்சுக்கக்கூடாது. யாக்கோபும் யோவானும், இயேசு கூப்ட்டதும் அவங்க நைனாவப் படகுலயே வுட்டுட்டுப் போய்ட்டாங்க இல்ல?"

"ஆமா. செபதேயு."

"அந்த செபதேயு இன்னா சார் சொன்னாரு?"

பங்கிராஸ் சார் இதை யோசிச்சதே இல்ல. மனசுக்குள்ள பைபிளைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் சொன்னதா எழுதலையேம்மா."

"கோவங்கூட வரலியா? வலை பிஞ்சு கீது. தெச்சுக்கினு இருந்த புள்ளைங்க ரெண்டும் எழுந்து போவுது."

"வந்திருக்கும். மென்னு முழுங்கியிருப்பார். அப்பன்னா அதாம்மா."

"நீங்களா இருந்தா?"

ரெண்டாவது குரல் தானா வந்துடுச்சு. "நானா இருந்தா... நானே பிள்ளையைத் தூக்கிக் கரையில எறக்கிவிட்டு, 'போய்ட்டு வாடா ராஜா'ன்னு முத்தம் குடுத்து அனுப்பிட்டு, தனியா வலையை இழுத்திருப்பேன்!"

சொல்லி முடிக்கும்போது அவர் கண்ணே கலங்கிடுச்சு. செசிலியும் மீன் கையாச்சேன்னு தோளால கண்ணைத் துடைச்சிக்கிட்டாள்.

"பாவம் சார் அந்தப் புள்ள. சொல்லவும் முடியாம, முழுங்கவும் முடியாம எவ்ளோ நாளா பயந்துக்கினு கெடக்குது."

"என்ன பயம்? ஆண்டவர்கிட்டயா?"

"ஆண்டவர்கிட்ட இன்னா பயம்? வூட்ல சொல்லத்தான்."

"வெக்கமா இல்ல? பெத்த பிள்ளை வாயைத் திறந்து சொல்லப் பயப்படற மாதிரியா ஒரு வீட்டை வெச்சிருக்கறது?"

செசிலி தலையைக் குனிஞ்சுக்கிட்டாள். "அப்போ சம்மதம்னு ஃபாதராண்ட சொல்லிடலாமா சார்? அப்பால பேச்சு மாறக்கூடாது."

"நான் எதுக்கு மாறப்போறேன்? இப்பவே போய் ஃபாதர்கிட்ட என் வாயாலயே சொல்றேன். போதுமா?"

செசிலி எழுந்து கையைக் கழுவினாள். முந்தானையில துடைச்சிக்கிட்டே உள்ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ரெஜிஸு, வெளிய வா கண்ணு. நீயும் ஃபாதரும் பேசச் சொன்னீங்களே, நான் ஒரு வார்த்தகூட பேசல. உங்கப்பாவே எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாரு."