முகம் வரைந்தவர்

"இன்னா பஞ்சு, இன்னும் குந்திகினே கீற? அந்தாளு பேசி முடிச்சதும் மேடையேறி மைக்கைப் புடுங்கு" என்று ஜெகதீஷ் மனைவியின் காதருகே குனிந்து சொன்னான்.

பஞ்சவர்ணம் தலையாட்டினாள். சொல்ல வேண்டியதை ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் கண்ணாடி முன் நின்று பல தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. 'இங்க மாட்டியிருக்கிற எல்லாப் படமும் நான் வரைஞ்சது.' அவ்வளவுதான்.

ஓவியக் கண்காட்சி நடந்த வானகரத்தின் அந்த ஏசி மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. மேடையில் ஓவியர் ஜானகிராமன், முந்நூறு வருஷத்துக்கு முன்பு ஜெர்மனியில் அரண்மனை ஓவியராக இருந்த க்ரெல்பாக்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாலிப வயதில் ஜெர்மனிக்கே போய் அந்தப் பாணியைக் கற்று வந்தவர் என்பதுதான் அவருக்குப் பேரும் புகழும் வாங்கித் தந்தது.

"சின்னப் பையனா ஒரு ஓவியர்கிட்ட கொண்டுபோய் விட்டாங்க. முதல்ல வெறும் வண்ணம் அரைச்சான். அப்புறம் பட்டுத்துணி, மோதிரம், கைவிரல். கடைசியில முகமும் அவனே வரைஞ்சான். ஆனா படத்துக்குக் கீழ குருவோட பேரு! பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் நேரா அரண்மனைக்குப் போய் இளவரசி எதிர்ல உட்கார்ந்து அவங்க முகத்தை வரைஞ்சு காட்டினான். அன்னிக்கே அரண்மனை ஓவியனாயிட்டான்."

ஜானகிராமனின் குரல் தழுதழுத்தது. "அடுத்தவன் உழைப்புல கையெழுத்துப் போடுறவன் மனுஷனே இல்லைங்க. என் படத்துல இன்னொருத்தர் கை ஒரு கோடுகூடப் போட்டது கிடையாது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவருடைய கொரட்டூர் வீட்டு மாடியில் பஞ்சவர்ணமும் அப்படித்தான் சேர்ந்தாள். துணிமடிப்பில் ஆரம்பித்து, கைகளுக்கு வந்து, பிறகு முகம். பத்து வருஷமாக எல்லா முகமும் அவள் வரைந்தது. கையெழுத்து மட்டும் அவருடையது. பேச்செடுத்தபோதெல்லாம், "அடுத்த கண்காட்சியில உன் பேரு வரும்" என்பார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒருமுறை அவள் அம்மா கண்காட்சி பார்க்க வந்தாள். மகள் வரைந்த படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டு, "எம் பொண்ணு இங்க இன்னா வேல செய்யுது சார்?" என்று கேட்டாள்.

"நல்லா பிரஷ் கழுவுறா" என்றார் ஜானகிராமன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். போன வருஷம் அதையே நம்பிக்கொண்டு கண்ணை மூடினாள்.

பஞ்சவர்ணம் எழுந்தாள். அவள் மேடைப் படியில் கால் வைப்பதற்குள் இரண்டு போலீஸ்காரர்களுடன் இன்ஸ்பெக்டர் ஷோபனா அவளைத் தாண்டி விறுவிறுவென்று ஏறினார். செல்போனில் ஒரு படத்தை ஜானகிராமனிடம் காட்டினார். மைக்கை யாரும் அணைக்காததால் பேச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இதை நீங்கதானே வித்தீங்க? க்ரெல்பாக் தன் கையால வரைஞ்சது, முந்நூறு வருஷத்துப் படம்னு? சோதனை பண்ணிட்டாங்க. வரைஞ்சு ரெண்டு வருஷம்கூட ஆகல."

படியில் நின்ற பஞ்சவர்ணத்துக்கும் படம் தெரிந்தது. முத்துமாலை போட்ட ஒரு ஜெர்மன் சீமாட்டி. 'சும்மா பழகிப் பார்க்கத்தான், க்ரெல்பாக் மாதிரியே ஒண்ணு வரை' என்று அவளை உட்கார வைத்து வாங்கிய படம். எதற்கென்று இப்போதுதான் உறைத்தது.

"பழசுன்னு நம்பித்தான் மேடம் நானும் வித்தேன்..."

"வரைஞ்சவங்களுக்குத் தெரியுமில்ல, புதுசுன்னு? அந்த ஆளு இப்ப எங்களோட வரணும். யாரு அது?"

ஜானகிராமனின் முகம் வெளுத்தது. அவர் பார்வை மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படியில் வந்து நின்றது.

"இவதான்! இந்தப் பஞ்சவர்ணம்! பழைய படம்னு சொல்லி என் தலையில கட்டிட்டா. இங்க மாட்டியிருக்கிற படம் பூரா இவ வரைஞ்சதுதான் மேடம். நான் ஒரு முகம்கூட வரையல. எனக்கு இந்தக் கை வராது. சத்தியமா சொல்றேன், இவதான் ஓவியர்!"

மண்டபமே அவள் பக்கம் திரும்பியது. பத்து வருஷமாக எந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ, அது அத்தனை பேர் முன்னால், மைக்கில், அவர் வாயாலேயே வந்துவிட்டது. கீழே ஜெகதீஷ் பாதி எழுந்தபடி அப்படியே நின்றான்.

இன்ஸ்பெக்டர் அவளருகே வந்தார். "சொல்லுங்கம்மா. இதெல்லாம் நீங்க வரைஞ்சதா?"

பஞ்சவர்ணம் சுவரைப் பார்த்தாள். வரிசையாக முகங்கள். ஒவ்வொரு கண்ணிலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த வெள்ளைப் புள்ளி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஜானகிராமனைப் பார்த்தாள். 'ஆமாம் என்று சொல்லிவிடு' என்று கெஞ்சுவதுபோல் அவர் இரு கைகளையும் கூப்பியிருந்தார்.

அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"எனக்கு வரையத் தெரியாது, மேடம்."