சுவர்ப் பேய்

"ஆன்ட்டி, தயவுசெஞ்சு கொஞ்சம் கோபப்படுங்க!"

நாற்பத்தைந்து வயது ரூபேந்திரன் கைகூப்பி நின்றான். அவன் கறுப்பு பனியனில் ஒரு மண்டையோடு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

சந்திரமதி ஆன்ட்டி சிரித்தார். "காலங்காத்தால எதுக்குப்பா கோபம்? மூணு பேரும் பசியாறிட்டீங்களா? வாழைப்பழம் இருக்கு, பீசாங் கோரெங் பொரிச்சுத் தரட்டா?"

இப்படிப்பட்ட மனுஷியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மலேசியாவின் யோங் பெங் ஊரில் இருபது வருஷத்துக்கு முன்னால் 'எமகண்டம்' என்று ஒரு மெட்டல் இசைக்குழு கொடிகட்டிப் பறந்தது. பாடகன் ரூபேந்திரன். டிரம்ஸ் கமலநாதன். கிட்டார் கால்வின். உலகத்து அநியாயங்களைக் கண்டு பொங்குவதுதான் அவர்களுடைய பாட்டு. பொங்கிய பொங்கலில் ஒரு வார்த்தையும் புரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது ரூபேந்திரன் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. சத்தம் காதுக்குக் கெடுதல் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறான். கமலநாதன் பாலர் பள்ளி வேன் ஓட்டுகிறான். கால்வின் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறான்.

மூலப் பதிவுகளெல்லாம் ஒரு வெள்ளத்தில் கம்ப்யூட்டரோடு போய்விட்டன. அதனால் பாட்டுகளை மறுபடி பதிவு செய்கிறார்கள். அதே கமலநாதன் வீடு, அதே முன்னறை, பக்கத்து வீட்டோடு ஒட்டிய அதே சுவர்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. 'சுவர்ப் பேய்' பாட்டில் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

ரசிகர்கள் உயிரை விடும் பாட்டு அது. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சுவரை இடிப்பார்கள். டொம்! டொம்! டொம்! உடனே டிரம்ஸ் வெறிபிடித்துக் கிளம்பும்.

இடித்தது சந்திரமதி ஆன்ட்டி. பேய் என்று பாட்டில் வருவதும் அவர்தான். பயிற்சி நாளெல்லாம் இடித்தாரே என்ற கடுப்பில் எழுதிய பாட்டு. பதிவன்றும் இடித்தார், அப்படியே சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் கணவர் செல்லப்பன் அங்கிள் நேர் எதிர். தங்கமான மனிதர். இவர்கள் ஆரம்பித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முனையிலுள்ள ஒட்டுக்கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். போகிறபோது கை வேறு அசைப்பார்.

"பாவம்லா அங்கிள், இந்தப் பேய்கிட்ட மாட்டிக்கிட்டாரு" என்று மூவரும் உருகுவார்கள். சிடி அட்டையில் அவருக்குத் தனியாக நன்றி போட்டார்கள். அவர் காலமானபோது பாடையைத் தூக்கியதும் இவர்கள்தான்.

இப்போது அந்த இடி வேண்டும். பழைய சிடியிலிருந்து வெட்டி ஒட்டினால் புதுப் பதிவோடு சேராமல் துருத்திக்கொண்டு நின்றது. டிரம்ஸில் போலியாகத் தட்டி இணையத்தில் போட்டுப் பார்த்தார்கள். 'பேய் எங்கடா?' என்று ரசிகர்கள் கிழித்து எடுத்துவிட்டார்கள்.

"அந்த இடி இல்லன்னா இந்த ஆல்பமே செத்துச்சு" என்றான் ரூபேந்திரன். அவனுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

ஆன்ட்டியைக் கோபப்படுத்தக் கிளம்பினார்கள். கமலநாதன் அவர் கேட்டை மறித்து வேனை நிறுத்தினான். "நிழலா இருக்கு, நல்லதாப் போச்சு" என்றார் ஆன்ட்டி. கால்வின் அவருடைய கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்தான். "கையால பறிக்காத ஐயா, கீறிடும்" என்று கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியில் சுவரைப் பார்த்து ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்து, இடைவெளியே விடாமல் ஒரு மணி நேரம் வாசித்தார்கள். சுவர் மூச்சு விடவில்லை.

"அலமாக்! காது போச்சு போல" என்றான் கமலநாதன்.

அதனால்தான் இன்று நேரில் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அப்போது இடித்தீர்களே, அதை ஒரு பாட்டில் வைத்திருக்கிறோம், மறுபடி வேண்டும் என்று.

"அதுக்கென்னப்பா!" என்று ஆன்ட்டி பூரிக்கட்டையை எடுத்துச் சுவரில் தட்டினார். தூங்குகிற பிள்ளையை எழுப்புவது போல இருந்தது.

"இப்படியில்ல ஆன்ட்டி. அப்ப எங்க மேல எவ்வளவு கோபம் இருந்துச்சு! அது வேணும்."

ஆன்ட்டி பூரிக்கட்டையைக் கீழே வைத்தார்.

"உங்க மேல எனக்கு என்னைக்குப்பா கோபம்? நீங்க வாசிக்கும்போது ஒருநாளாச்சும் இடிச்சிருக்கேனா? நிறுத்தும்போதுதானே இடிப்பேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உண்மைதான். பாட்டிலும் அந்த இடி வருவது அமைதியில்தான்.

"உங்க சத்தம் அங்கிளுக்கு ஆகாது. ஆரம்பிச்சா வெளிய கிளம்பிருவாரு. சத்தம் நின்னுச்சுன்னா திரும்பி வந்துருவாரு. வந்தா எனக்கு அடிதான். அதான், நிறுத்திடாதீங்க தம்பிங்களான்னு இடிப்பேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

ரூபேந்திரன் ஊர் அநியாயத்துக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன். இடையில் இருந்தது ஒரே ஒரு சுவர். அந்தப் பாடையைத் தூக்கிய தோள் இப்போது கூசியது.

"ஆமா, நான் இடிச்ச பாட்டுன்னு சொன்னீங்களே" என்று திரும்பினார் ஆன்ட்டி. முகமெல்லாம் ஆசை. "அதுக்கு என்னா பேரு வெச்சீங்க?"

கமலநாதன் தரையைப் பார்த்தான். கால்வின் கூரையைப் பார்த்தான்.

"'நிறுத்தாதே', ஆன்ட்டி" என்றான் ரூபேந்திரன்.