காணாமல் போன நாலு வரி

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்ததும் அண்ணன் கைக்குட்டையை எடுத்துவிட்டார். தங்கைக்கு அதுவரைகூடப் பொறுமையில்லை. கேசட்டைப் போடும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மா பாடிக் கேட்டு எத்தனை வருஷமாச்சுண்ணா!” என்று மூக்கை உறிஞ்சினாள்.

‘கேசட் டாக்டர்’ என்று பெயரெடுத்தவர், பழைய பிளேயரை லேப்டாப்போடு ஒயரால் இணைத்து ஹாலிலேயே கடை விரித்திருந்தார். மொத்தம் பதினேழு கேசட். எல்லாம் அம்மா வீட்டில் பாடியவை. பாதி அம்மாவே கட்டிய பாட்டுகள்.

அத்தனையையும் டிஜிட்டலாக்கி, சாயங்காலம் ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வெளியிடப்போவதாக அண்ணன் ஒரு வாரமாகத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. போன மாதம் சித்தப்பா வெறும் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டுவிட்டு ஆடிய ஆட்டம் கொஞ்சமா நஞ்சமா? அதற்குப் பதிலடி இது.

“சார், பிளக் பாயின்ட் பத்தலை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கா?” என்றார் டாக்டர்.

“உள் ரூம்ல டேபிள் ஃபேனுக்குப் போட்டிருக்கோமே, அதைக் கழட்டிட்டு வா” என்றார் அண்ணன் தங்கையிடம்.

“புழுங்குமேண்ணா...”

“கொஞ்ச நேரம் புழுங்கினா ஒண்ணும் ஆயிடாது. அம்மா குரலைவிட ஃபேனா முக்கியம்?”

தங்கை போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். பதினாறு கேசட் சுமுகமாக ஏறியது. பதினேழாவதில்தான் வினை.

அது தாலாட்டு. அண்ணன் தொட்டிலில் கிடந்தபோது அம்மா கட்டியது. உருக்கமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு நடுவில் ‘டக்’கென்று அறுந்து, ஒரு பொடியன் குரல் முழங்கியது: “இன்றைய தலைப்புச் செய்தி! என் தங்கை ஒரு குரங்கு!”

டாக்டர் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “மேல யாரும் பதிஞ்சு அழிச்சிடக் கூடாதுன்னுதான் இந்தப் பிளாஸ்டிக் முனையை உடைச்சு வெச்சிருக்காங்க. அந்த ஓட்டை மேல யாரோ செலோடேப் ஒட்டிட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க சார்.”

“யாரோவா? இந்த மகாராஜாதான்!” என்றாள் தங்கை.

“எனக்கு அப்ப எட்டு வயசுடி!”

“அழிஞ்ச நீளத்தைப் பார்த்தா, கடைசி நாலு வரி போச்சு” என்றார் டாக்டர். “வேற கேசட்ல இருக்குமா?”

“ஏது? அம்மாவைத் தவிர அந்தப் பாட்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் அண்ணன்.

இந்தத் தடவை அண்ணனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அறுந்த தாலாட்டைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா என்ன எழுதுவார் என்று நினைத்தால் யாருக்குத்தான் வராது?

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. “கவலைப்படாதீங்க சார். காலமானவங்களையே இப்ப ஏஐ பாட வைக்குது. பதினேழு கேசட் குரல் இருக்கு, தாராளமாப் போதும். வரி மட்டும் குடுங்க.”

“இவ்வளவுதானா? நாமளே எழுதிடலாம்!” அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். “கண்ணேன்னு போடு, மணியேன்னு போடு. தாலாட்டுல வேற என்ன இருந்துடப் போகுது? டாக்டர், மெட்டு பிடிபடலை. இன்னொரு தடவை போடுங்க.”

டாக்டர் மறுபடி ஓட்டினார். அறுந்த இடம் வந்ததும் சரியாக நிறுத்தினார்.

பாட்டு நிற்கவில்லை.

உள் ரூமிலிருந்து வந்துகொண்டிருந்தது. தேய்ந்த குரல், மூச்சு வாங்கிய குரல். ஆனால் அதே மெட்டு. காணாமல் போன வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு சொல் தடுக்காமல் வந்தன. டாக்டர் விதிர்விதிர்த்துப் போய் எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே கத்தினார்:

“அம்மா! கொஞ்ச நேரம் பாடாமத்தான் இரேன்... இங்க உன் குரலைக் காப்பாத்திட்டிருக்கோம்!”