வாய் கவிழ்ந்த போத்தல்கள்

“மூடுங்கக்கா, மண்ணைத் தள்ளி மூடுங்க…”

“மூடுறதா? ஐயா குடிச்ச போத்தல்டா இது, நீ…”

“அதைத்தான் நானும் சொல்றேன்! கம்பெனிக்காரன் பார்த்தா, இது கோயில் இல்ல, சாராயக் கடைன்னு சொல்லிடுவான் லா!”

இராஜம்மா மண்வெட்டியை விடவில்லை. கோயில் தலைவர் வாசுவும் விடவில்லை.

கிள்ளான் ரயில் பாதையோரத்து மரத்தடி முனீஸ்வரர் ஐயா, திங்கட்கிழமை லோரியேறி மேரு என்ற ஊரில் ஒதுக்கிய இடத்துக்குப் போக வேண்டும். ‘நாங்கள் நிலம் வாங்கிய பிறகு முளைத்த கோயில்’ என்றது கம்பெனி. முன்பே இருந்ததாகக் காட்டினால் விட்டுவிடுவதாகவும் சொன்னது. காட்டத்தான் ஒன்றுமில்லை.

சூலத்தைப் பெயர்க்கத் தோண்டியபோது போத்தல்கள் வந்தன.

பெரிய வேண்டுதல் என்றால், சூலத்தடியில் ஒரு போத்தலை ஊற்றிவிட்டு, காலிப் போத்தலை வாய் கவிழ்த்து அங்கேயே புதைப்பது வழக்கம். கடைசிச் சொட்டும் ஐயாவுக்கே போகட்டும் என்று.

வாசு தலைவரானதும் அதை நிறுத்தினார். ‘ஐயா இனி சைவம், பால் மட்டும்’ என்று பலகை மாட்டினார். சுற்றிலும் கம்பிவேலி போட்டார், கேட்டுக்குப் பூட்டு. சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

குழிக்குள் மண்டியிட்டிருந்தாள் ஹேமா. இராஜம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண், தொல்பொருள் படித்தவள். இராஜம்மா அனுப்பிய படத்தைப் பார்த்து ஓடி வந்திருந்தாள்.

“அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

வாசு நகரவில்லை. குழியோரத்தில் ஒரே இடத்தில் காலை ஊன்றி நின்றார்.

ஹேமா ஒரு பச்சைப் போத்தலைத் துடைத்தாள். “அச்சுல வார்த்த இந்த ஒட்டுக்கோடு கழுத்தோட நின்னுடுச்சு பாருங்க. வாயைக் கையால செஞ்சிருக்காங்க. நூறு வருஷம் இருக்கும்.”

“எவனோ குடிச்சிட்டு வீசினதுன்னு சொல்வான்மா.”

“வீசின போத்தல் இப்படியா நிக்கும், அங்கிள்? சூலத்தைச் சுத்தி வட்டமா, எல்லாம் தலைகீழா? அடி வட்டம் பழசு, மேல வர வரப் புதுசு. சாமி இல்லாம இத்தனை வருஷம் யாருக்கு ஊத்தினாங்க?”

படங்கள் கோயில் வக்கீலுக்குப் பறந்தன. சண்டை தொடர்ந்தது. இராஜம்மாவின் தொண்டை வறண்ட நேரத்தில் வக்கீல் கூப்பிட்டார்.

“கம்பெனிகிட்ட பேசிட்டேன், ஆன்டி. ஒத்துக்கிட்டாங்க. லோரி வராது.”

இராஜம்மா சூலத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

“பாலைக் குடிச்சா இடத்தைக் காப்பாத்தின, ஐயா?”

நாள்கணக்காய் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று வாசுவிடமிருந்து வெளியே வந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

கால் நகர்ந்தது.

அங்கே மண் இளகிக் கிடந்தது. இராஜம்மா விரலால் கிளறினார். இன்னொன்று, வாய் கவிழ்ந்தபடி.

ஸ்டவுட், கறுப்பு பீர். லேபிள் கொஞ்சமும் வெளுக்கவில்லை. காலாவதித் தேதி அடுத்த வருடம்.

இராஜம்மா போத்தலைப் பார்த்தார். வாசுவின் இடுப்பைப் பார்த்தார்.

“தம்பி, கேட்டுச் சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?”